மலையோரக் கேட்டை உடைத்தது யார் என்று கேட்ட மகனுக்கு

பிரபு கண்ணு,

நேத்து காலையில நம்ம காலனி குரூப்புல நீ போட்டதைப் படிச்சேன். நம்ம கேட்டு படுத்துக் கெடக்கற போட்டோவை யாரோ உனக்கு அனுப்பியிருக்காங்க. அதைப் போட்டு, எங்க எடத்துக் கேட்டை உடைச்சது யாரு, நாளைக்குள்ள சொல்லலீன்னா ஸ்டேசன்ல புகார் குடுப்பேன்னு எழுதியிருக்கே. அத்தனை பேரு பார்த்திருக்காங்க, ஒருத்தரும் வாயைத் தொறக்கல. உனக்குப் பயந்துக்கிட்டுன்னு நெனைச்சுக்காதே, எனக்காகப் பேசாம இருக்காங்க. தெருவுல பாதிப் பேரு அன்னைக்கு அங்கதான் நின்னாங்க. உடைச்சது நான்தான். தண்ணி லாரிக் குமாரு வண்டியை ஓட்டுனான், உடைன்னு சொன்னது உங்கம்மா. புகார் குடுக்கறதா இருந்தா எம் பேருல குடு, இனிசியல் தப்பில்லாம எழுது.

நான் தீயைப் பத்தி உனக்குச் சொல்லாம இல்ல. மலையில தீப்புடிச்சுது, நம்ம எடம் வரைக்கும் வந்துச்சு, அணைச்சுட்டாங்கன்னு அன்னைக்கே போன்ல சொன்னேன். நடுவுல நடந்ததைத்தான் முழுங்கிட்டேன். வைகாசியில கல்யாணத்தை வெச்சுக்கிட்டு, பத்திரிகை குடுக்க ஊர் ஊரா அலையற புள்ளையை எதுக்கு வெசனப்படுத்தறதுன்னு இருந்தேன். இப்ப நீ எல்லார் முன்னாலயும் கேட்டுட்டே, நானும் எல்லார் முன்னாலயும் சொல்லிப்போடறேன். நெம்ப நீளமாத்தான் இருக்கும். மீட்டிங்ல இருந்தீன்னா முடிச்சுட்டு வந்து, உக்காந்து படி.

புதுசாக் குடிவந்தவங்களும் குரூப்புல இருக்கறதால எடத்தைச் சொல்லிட்டு மேல போறேன். பனமரத்துப்பட்டி ஏரிக்குப் போற ரோட்டுல இருந்து பிரியற நம்ம காலனியில, மலையடிவாரத்துல இருக்கற கடைசித் தெரு நம்முளுது. தெரு முடியற எடத்துல காலியாக் கெடக்கற மனை நம்ம மனை. அதுக்கு மேல பாரஸ்ட்காரங்க நட்ட எல்லைக்கல்லு, கல்லுக்கு அந்தாண்ட உன்னிச்செடி, அப்புறம் மலை. மனைக்குப் பக்கவாட்டுல ஒரு ஓடை, மழைக்காலத்துல மட்டும் தண்ணி வரும். ஓடைக்கு அக்கட்டால நாலு ஊடு இருக்குது. ஆடு வளர்க்கறவங்க, இந்தக் காலனி வர்றதுக்கு முந்தியே அங்க இருந்தவங்க. அதுல ஒரு ஊடு பழனியம்மாளுது. அவங்க தார் ரோட்டுக்கு வர்ற தடம் நம்ம மனையோட மேலோரமா, எல்லைக்கல்லை ஒட்டித்தான் இருந்துச்சு. காலையில ஆடு போக, பொழுதோட திரும்பி வர, மனுசங்களும் நடக்க, அந்த ஓரத்துல புல்லே மொளைக்காது. நாம மனையைப் பார்க்கப் போனப்ப ஒரு லாரி போற அகலத்துக்கு வெறும் மண்ணாத்தான் கெடந்துச்சு. கிரயம் முடிஞ்ச வாரமே உங்கப்பா கல்லுக்கால் நட்டு, கம்பி கட்டி, தெருப்பக்கம் கேட்டுப் போட்டுப் பூட்டிட்டாரு. பழனியம்மா ஊட்டுக்காரங்க ஓடைக்குள்ள எறங்கி, கல்லு மேல ஓடை நீளத்துக்கும் நடந்து, சுத்திக்கிட்டு வர ஆரம்பிச்சாங்க.

உங்கப்பாவைக் கொறை சொல்றேன்னு நெனைக்காதே. அவருக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும், உனக்குப் பாதிதான் தெரியும். மல்லசமுத்திரத்துல நம்ம வெள்ளாமைக் காட்டுக்குப் போகணும்னா உங்க பெரியப்பா காட்டைத் தாண்டித்தான் போகணும். பாகம் பிரிச்சப்ப தடத்தைப் பத்தி ஒருத்தரும் பேசிக்கல. கூடப் பொறந்தவரு விடாமயா போயிருவாருன்னு உங்கப்பா இருந்துட்டாரு. ஒரு வருசம் ஏதோ வாய்த்தகராறு, மறுநாள் பார்த்தா தடத்துல முள்ளு வெட்டிப் போட்டிருக்குது. நெலக்கடலை புடுங்கற நேரம். வண்டி போக வழியில்ல, டிராக்டர் வர வழியில்ல. நான் கல்யாணமாகி வந்த புதுசு. நானும் அவரும் கடலைக்கொடியைத் தலையில சுமந்து, பக்கத்துக் காட்டுக்காரங்க வரப்புல நடந்து ரோட்டுக்குக் கொண்டாந்தோம். அவங்களும் எத்தனை நாளைக்குப் பொறுப்பாங்க, மொகத்தைச் சுளிச்சாங்க. மிச்சக் கடலை மழையில நனைஞ்சு காட்டுலயே மொளைச்சுப் போச்சு. காட்டை அண்ணனுக்கே குடுத்துட்டு லாரித் தொழிலுக்கு வந்த மனுசன் அவரு. ஒருத்தனுக்குத் தடம் விட்டம்னா நாளைக்கு அது அவன் எடம்னு ஆயிரும்னு சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு. தடமில்லாம அந்தப் பாடு பட்ட மனுசன், தனக்குன்னு ஒரு எடம் கெடைச்சதும் அடுத்தவங்க தடத்தை அடைச்சாரு. நம்ம பக்கத்துல முக்காவாசிப் பேரு இப்படித்தான். சொந்தக்காரன் செத்தா எழவுக்குப் போயி அழுதுட்டு வந்து, மறுவாரம் அவன் பசங்க மேல தடவழக்கை நடத்துவோம். நானும் அன்னைக்கு ஒண்ணும் பேசல. நமக்குன்னு ஒரு எடம் ஆச்சேன்னு சந்தோசமாத்தான் இருந்தேன்.

அந்தக் கேட்டை அவரு சாதாரணமாவா செஞ்சாரு? நாமக்கல்ல லாரிக்குப் பாடி கட்டற பட்டறையில, தனக்குப் பழக்கமான ஆளுங்ககிட்டச் சொல்லி, லாரிக்குப் போடற இரும்புலயே செஞ்சு எடுத்தாந்தாரு. எறக்கறதுக்குத் தெருவையே கூப்புட வேண்டியதாப் போச்சு. அவரு போன பொறகு சாவியை நீ ஓசூருக்குக் கொண்டுட்டுப் போயிட்டே. உங்கிட்ட இருந்தா கேக்கறவங்களுக்கெல்லாம் தொறந்து விட்டுருவேம்மான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னே. என்னை நல்லாத்தான் தெரிஞ்சு வெச்சிருக்கே. இந்தத் தைப்பொங்கலுக்கு முன்னால, பழனியம்மா மாமனாருக்குக் கை கால் விழுந்துருச்சு, ஆட்டோ ஓடைக்கரை வரைக்குமாவது வரணும், சாவியைக் குடுத்து அனுப்புன்னு உங்கிட்டக் கேட்டேன். ஞாபகம் இருக்குதா? "ஒருதடவை தொறந்தா அப்புறம் மூட முடியாதும்மா. அப்பா இருந்தா என்ன சொல்லுவாரு?"ன்னே. நீ உங்கப்பாவை இழுத்ததும் நான் வாயை மூடிக்கிட்டேன். ஆடும் வராம ஆளும் நடக்காம, வருசா வருசம் புல்லு மொளைச்சு, காஞ்சு, அதுமேல மறுபடியும் மொளைச்சு, இந்தப் பங்குனியில இடுப்பளவுக்கு நின்னுச்சு.

தீப்புடிச்ச அன்னைக்கு மத்தியானம் நான் மொட்டைமாடியில வடகம் காயப் போட்டிருந்தேன், உன் கல்யாணத்துக்குத்தான். மலையில பொகை தெரிஞ்சுது. பங்குனியானா மேல எங்கயாவது புகையறது வாடிக்கைதான். இருட்டுனா செவப்பா ஒரு கோடு தெரியும், அப்புறம் தன்னால அடங்கிரும். தெருவே நின்னு வேடிக்கை பார்க்கும், போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கும். நானும் பார்த்துட்டு வடகத்தைத் திருப்பிப் போட்டேன். அப்புறம் காத்து திரும்பிருச்சு. கறுப்புக் கறுப்பாச் சாம்பல் வடகத்து மேல வந்து விழுந்துச்சு. நிமிந்து பார்த்தா தீ கீழ எறங்கிட்டிருக்குது. உன்னிச்செடி படபடன்னு வெடிக்கற சத்தம் மாடி வரைக்கும் கேக்குது. எல்லைக்கல்லைத் தாண்டுனா நம்ம மனைப் புல்லு. புல்லைத் தாண்டுனா கடைசி ஊட்டுக்காரங்க ஊட்டுக்குப் பின்னால, பொடக்காலியில கட்டுன பச்சை வலை, வெறகு, தென்னங்கீத்து. அதுக்கப்புறம் ஊட்டுக்கு ஊடு சொவரு ஒட்டித்தான இருக்குது. கீழ எறங்கி ஓடுனேன்.

பயர் சர்வீசுக்குச் சொன்னா, வண்டி இன்னொரு பக்கம் தீயணைச்சுட்டிருக்குது, முடிச்சதும் நேரா வருதுன்னாங்க. உனக்குப் பண்ணேன், நீ கட் பண்ணிட்டு மீட்டிங்னு அனுப்புனே. குத்தம் சொல்லல சாமி, நீ எடுத்திருந்தாலும் ஓசூர்ல இருக்கற சாவி பறந்தா வரும்? அடுத்த தெருவுல குமாரு தண்ணி எறக்கிட்டிருந்தான். ஓடிப்போய்க் கூட்டியாந்தேன். வந்தவன் கேட்டைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திட்டான். தெருவுல நின்னு அவன் டியூப்பை இழுத்தா பாதி மனைக்குக்கூட எட்டாது.

"அக்கா, உங்க பையன் வந்து கேட்டா நான் என்னங்க சொல்லட்டும்?"

"நான் சொல்லிக்கறேன். நீ ரிவர்ஸ்ல ஏத்து வண்டியை."

மொதல்ல இடிச்சப்ப கேட்டு அசையக்கூட இல்ல. குமாரு எட்டிப் பார்த்துட்டு மறுபடியும் இடிச்சான். அப்புறம் ரெண்டு பக்கத்துத் தூணும் வேரோட சாஞ்சு, ரெண்டு கதவும் நடுவுல பூட்டுனபடியே ஒண்ணாப் படுத்துருச்சு. பூட்டு கழலல, கம்பி ஒண்ணு வளையல. அந்த நேரத்துலயும் எனக்கு உங்கப்பா ஞாபகம் வந்துச்சு. எத்தனை ஒசத்தியாச் செஞ்சு வெச்சிருந்தாரு அந்த மனுசன். அது மேலயே வண்டி ஏறி உள்ள போச்சு. குமாரு புல்லை நனைக்க, தெருச்சனம் சாக்கை நனைச்சும் வேப்பந்தழையை ஒடிச்சும் அடிக்க, எல்லைக்கல்லுக்கு இந்தாண்ட வந்த தீயை நம்ம மனையிலயே நிறுத்திப்புட்டோம். தீயணைப்பு வண்டி வந்ததும் அதே வழியா உள்ள போயி மலைப்பக்கம் மிச்சத்தை அணைச்சுது. தெரு தப்பிச்சுது.

பழனியம்மா நாம கேட்டைத் தொறப்போம்னு காத்துட்டிருக்கல. எதை நம்பிக் காத்திருப்பா? வருசக்கணக்காப் பூட்டியே கெடக்குதே. அவளும் அவ ஊட்டுக்காரரும் மாமனாரைக் கயித்துக்கட்டிலோட தூக்கிக்கிட்டு, எப்பவும் போற மாதிரி ஓடைக்குள்ள எறங்கிட்டாங்க. ரெண்டு கரையிலயும் பொகை. கண்ணு தெரியாம கல்லுல தடுக்கி விழுந்ததுல அவளுக்கு முட்டிச் சில்லு உடைஞ்சுருச்சு. கட்டிலை மட்டும் விடலையாம். பெரியவரு பொழைச்சுக்கிட்டாரு. நம்ம மனை வழியா தடம் இருந்திருந்தா ஓடையைக் குறுக்க தாண்டி நேரா தெருவுக்கு வந்திருப்பாங்க, அவ காலும் நல்லாருந்திருக்கும். மறுநாள் ஆரஞ்சு வாங்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். திட்டுவா, திட்டட்டும், வாங்கிக்கலாம்னு மனசைத் திடப்படுத்திக்கிட்டுத்தான் போனேன். கட்டோட படுத்திருந்தவ என்னைப் பார்த்ததும் எந்திரிக்கப் பார்த்தா. அவ ஊட்டு வாசல்ல நின்னா நம்ம மொட்டைமாடி தெரியும்.

"வடகத்தையெல்லாம் எடுத்துட்டீங்களாக்கா? சாம்பல் பட்டிருக்குமே."

அவ திட்டியிருந்தா நான் இந்தக் கடுதாசியை எழுதியிருக்க மாட்டேன். ஆஸ்பத்திரி மாடிப்படியிலயே உக்காந்து அழுதேன். அழுது முடிச்சு எந்திரிச்சப்ப முடிவு பண்ணிட்டேன், அந்தத் தடத்தை இனி ஒருத்தரும் அடைக்கப் போறதில்லைன்னு.

நான் சத்துணவுக் கூடத்துல வேலை பார்த்தப்ப, காலையில போனதும் மொத வேலையாச் சமையக்கட்டுப் பின்கதவைத்தான் தொறப்பேன். அரிசி மூட்டையை எலி, திருடன் எதுவும் தொடாம இருக்கட்டும்னு எனக்கு முன்னால இருந்தவங்க அந்தக் கதவை அடைச்சு மூட்டையா அடுக்கி வெச்சிருந்தாங்க. நான் மொத வாரமே எல்லாத்தையும் எறக்க வெச்சேன். அடுப்பு எரியற எடத்துல ஒரே வாசலை வெச்சுக்கிட்டு எந்தப் பொம்பளையும் நிம்மதியா நிக்க முடியாது. நீ அப்ப அதே பள்ளிக்கூடத்துல நாலாவது. பின்கதவு டீச்சர்னு எனக்குப் பட்டம் வெச்சது நீதான், வேற யாரு? என்ன சிரிச்சாலும் சரி, பொறையேறுனா நீ தண்ணிக்கு ஓடி வர்றதும் அந்தக் கதவு வழியாத்தான். அப்படி இருந்தவளுக்கு, சொந்த மனையில மட்டும் பின்கதவு தோணாமப் போச்சே.

தீக்கு அப்புறம் தெருக்காரங்க எல்லாம் தண்ணித்தொட்டிக்கிட்டக் கூடுனோம். தீயணைப்பு நிலையத்துல இருந்து ஒரு அதிகாரி வந்தாரு. நல்ல மனுசன், ஒளிவு மறைவு இல்லாமப் பேசுனாரு. மலையை ஒட்டி டவுன் ஏறிக்கிட்டே போகுது, எங்ககிட்ட வண்டி எத்தனை இருந்தாலும் திரும்ப எடமில்லாத தெருவுல என்னங்க பண்றதுன்னாரு. அடுத்த பங்குனி வரும், அதுக்கு இப்பயே வேலையை ஆரம்பிங்கன்னாரு. ஆரம்பிச்சுட்டோம். மொட்டைமாடியிலயும் சன்சேடு மேலயும் சருகு நிக்கக் கூடாது, வாரம் ஒருநாள் எல்லாரும் கூட்டறோம். பச்சை வலையெல்லாம் கழட்டியாச்சு, வெறகை ஊட்டை விட்டுத் தள்ளி அடுக்கியாச்சு. தொட்டியில தீயணைப்புக் குழாய் மாட்டறதுக்கு ஒரு வாய் வைக்கச் சொல்லியிருக்கோம். பாரஸ்ட்காரங்க தை மாசமே எல்லையோரம் புல்லைச் செதுக்கித் தர்றோம்னு சொல்லியிருக்காங்க, தரலீன்னா போயி வாசல்ல உக்காருவேன், அது அவங்களுக்கும் தெரியும். நடக்க முடியாதவங்க எந்த ஊட்டுல இருக்காங்க, யாரு யாரைத் தூக்கறதுன்னு பேசி வெச்சிருக்கோம். என்னைத் தூக்கறது மேல் ஊட்டுல, போர் போடற ரிக் வண்டி வெச்சிருக்கறவரு பையன். நான் நடக்கறேன்டான்னா, அத்தை அன்னைக்கு வடகத்தோட எறங்கி வருவீங்க, அதனால தூக்கித்தான் ஆகணும்ங்கறான். அப்புறம் ஆடு. காலனிக்குள்ள ஆடு வரக் கூடாதுன்னு ஒரு காலத்துல தீர்மானம் போட்டதே நாமதான். இப்ப நாமளே போயி, மனையோரம் மேச்சுக்குங்கன்னு அவங்களைக் கேட்டுட்டு வந்திருக்கோம். கேக்கறப்ப எல்லாருக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு.

இனி உன் விசயம். கல்யாணம் முடிஞ்சு ஆவணியில அந்த மனையில அஸ்திவாரம் போடறதா இருக்கே. உன் பிளானைப் பார்த்தேன். நாலு பக்கமும் எல்லை வரைக்கும் சொவரு, மலைப்பக்கம் கார் நிறுத்தற எடம். அந்தக் கார் எடம் இனி இல்ல. எல்லைக்கல்லை ஒட்டி ஒரு லாரி தாராளமாப் போற அகலத்துக்கு நான் கயிறு புடிச்சு, கல்லு நட்டாச்சு. மனை எம் பேருல இருக்குது. அந்தத் துண்டைப் பொதுத்தடமா எழுதிக் குடுக்கப் போறேன், கல்யாணம் முடிஞ்ச மறுவாரமே. உங்கிட்டக் கேக்கல கண்ணு, சொல்றேன். உனக்குக் கோவம் வரும். வரட்டும், உங்கப்பா புள்ளைக்கு அது வரலீன்னாத்தான் நான் சந்தேகப்படணும். கொஞ்ச நாளு எங்கூடப் பேசாம இரு. கல்யாணப் பொடவை எடுக்கறப்ப எப்படியும் பேசித்தான ஆகணும்.

அப்பா கட்டுன கேட்டும்மான்னு சொல்லுவே. அவரு இருந்து, அன்னைக்கு அந்தத் தீயையும், ஓடைக்குள்ள கட்டிலைத் தூக்கிட்டு எறங்குனவங்களையும் பார்த்திருந்தா, கடலைக்கொடியைச் சுமந்த மனுசன் என்ன பண்ணியிருப்பாருன்னு உன்னைவிட எனக்கு நல்லாத் தெரியும். குமாரைக் கீழ எறக்கிட்டு அவரே வண்டியை ஏத்தியிருப்பாரு. ஒரே இடியில சாச்சிருப்பாரு.

மருமகளா வரப்போற கீர்த்தனா மாசியில எடத்தைப் பார்க்க வந்தப்ப, மலைப்பக்கம் பெரிய ஜன்னல் வைக்கலாமா அத்தைன்னு ஆசையாக் கேட்டா. வைக்கட்டும். அந்த மலையைப் பார்த்துக்கிட்டே காலையில காப்பி குடிக்கட்டும். ஜன்னலுக்குப் பக்கத்துலயே ஒரு கதவும் வைப்பா, அது அந்தத் தடத்துக்குத் தொறக்கும். நீ பகல் முச்சூடும் வேலையில இருப்பே. ஊட்டுல இருக்கப் போறது அவ. நாளைக்கு ஒரு கொழந்தை இருக்கும். தீ வந்தா அவ எந்தப் பக்கம் ஓடுவா, சாவி எங்க இருக்கும், கேஸை யாரு மூடுவாங்கன்னு கல்யாணமான மொத மாசமே அவகிட்ட உக்காந்து பேசு. சாவியைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு ஊரு விட்டு ஊரு போற பழக்கத்தை எங்கிட்டக் காட்டுன மாதிரி அவகிட்டக் காட்டாதே. ஊட்டுச் சாவி ஊட்டுல இருக்கறவங்க கையில இருக்கணும். இதை நான் உன் கல்யாணத்துக்குச் சொல்ற புத்திமதின்னே வெச்சுக்க.

கடைசியா ஒண்ணு. நீ போட்டோவைச் சரியாப் பார்க்கல. கேட்டை உடைச்சுக் கீழ போட்டிருக்காங்கன்னு எழுதியிருக்கே. அது கீழ கெடக்கல, ஓடை மேல கெடக்குது. தெருக்காரங்களும் அந்த நாலு ஊட்டுக்காரங்களும் சேர்ந்து தூக்கிக் கொண்டுபோய், ஓடைப்பக்கக் கம்பியை அறுத்துட்டு, ரெண்டு கரைக்கும் நடுவுல போட்டு, ரெண்டு கதவையும் சேர்த்து வெல்டிங் வெச்சு, கரையில காங்கிரீட்டுல பொதைச்சுட்டோம். லாரி இரும்பு, ஆடு போனாலும் ஆளு போனாலும் அசையறதில்ல. போன வெள்ளிக்கிழமை பழனியம்மா கட்டுப் பிரிக்கறதுக்குப் போனா. கட்டையை ஊனிக்கிட்டு உங்கப்பா செஞ்ச கேட்டு மேல நடந்து, நம்ம மனை வழியா வந்து, தெருவுல ஆட்டோ ஏறுனா. நான் கூடவே நடந்தேன். நடுவுல அந்தப் பூட்டு மட்டும் துருத்திக்கிட்டு நிக்குது, அவ காலு அதுல தட்டிருச்சு. வெட்டி எடுத்தறலாமுங்கன்னு குமாரு சொன்னான். வேண்டாம், எம் பையன் வந்து தொறப்பான்னு சொல்லி நிறுத்தி வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை வர்றப்ப சாவியைக் கொண்டா.

அம்மா